நிழல் யாருக்கு?

சிறுசேரிக்கு வருவோர் கண்ணில் முதலிற்படுவது கண்ணாடி! பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து சிப்காட் வளாகத்தினுள் திரும்பியதும், வானத்தையே மேனியில் போர்த்தி நிற்கும் மாளிகைகள் இருமருங்கும் எழுகின்றன. இச்சாலையோரத்துக் கட்டடங்களுள் பல, 'பசுமைக் கட்டடம்' என்ற சான்றிதழ் பெற்றவை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன, பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்கொள்கின்றன என்பதற்காக அளிக்கப்பட்ட சான்று அது. அதனை நாம் இகழவில்லை. வீணாக்குவதினும் மிச்சப்படுத்துவது மேலன்றோ! ஆனால், ஒரு கேள்வி நம் நெஞ்சைவிட்டு நீங்க மறுக்கிறது. பசுமை எது? அதனை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது?

இக்கேள்வி ஏட்டிலிருந்து பிறந்ததன்று. ஒரு வீட்டு வாயிலில் பிறந்தது.

சென்ற கோடையில், தேர்வு நெருங்கிய வேளையில், பள்ளிக்கு வராது நின்றுவிட்ட மாணவி ஒருத்தியின் இல்லம் தேடிச் சென்றோம். தாய் கட்டட வேலையில் சித்தாள். நாள்தோறும் பிறர்க்காக மணலும் செங்கல்லும் சுமப்பவர், கடன்பட்டுத் தமக்கெனக் கட்டிய தளம்போட்ட ஓரறை வீடு அது. பிற்பகல் வேளை, உள்ளே நுழைந்ததும் அடுப்புக்குள் நுழைந்தாற்போல் இருந்தது. "ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல சார். விடியக்காலையிலதான் கண்ணசந்தா, எழுப்ப மனசு வரல" என்றார் அத்தாய்.

பட்டம் பெற்ற நமக்கு அறிவுரை கூறாமல் இருக்க முடியுமா? "பழைய ஓலை வீடாக இருந்திருந்தால் குளிர்ச்சியாக இருந்திருக்குமே அம்மா" என்றோம்.

அவர் சிரித்தார். "ஓலை வீடு குளிர்ச்சிதான் சார், யாரு இல்லேன்னா? வருஷம் தப்பினா ஓலை மாத்தணும். மழைக்கு ஒழுகும். நெருப்புக்குப் பயந்துக்கிட்டே தூங்கணும். குளிர்ச்சி வேணும்னா நீங்க போய் இருங்க! எங்க தலைக்கு மேல தளம் வந்து நாலு வருஷந்தான் ஆகுது."

நாணித் தலைகுனிந்தோம். அந்த நாணத்திலிருந்து எழுந்ததே இக்கட்டுரை.

இன்று நாகரிகர் நாவில் நடமாடும் சொல் 'இயற்கை வீடு'. மண்சுவர் சிறந்தது, ஓலைக்கூரை உயர்ந்தது, நம் முன்னோர் அறிவே அறிவு என்கின்றனர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால், குடிசை யாரால் விரும்பப்பட்டது, யார்மீது திணிக்கப்பட்டது என்னும் வரலாற்றை அவர்கள் மறந்துவிட்டனர். ஓடு வேய்வதும் மாடி எடுப்பதும் 'தாழ்ந்த' மக்களுக்குத் தகாது எனத் தடுத்து நிறுத்திய ஊர்கள் இந்நாட்டில் இருந்தன. அவர்கள் ஓலைக்குக் கீழ் வாழ்ந்தது ஓலையின் குளிர்ச்சியை விரும்பியா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களின் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமே அவர்களுட் பெரும்பாலோர். அந்தத் தீயின் நினைவை நெஞ்சில் சுமக்கும் சமுதாயத்திடம் போய், "ஓலை இயற்கைக்கு இசைந்தது" என்று உபதேசிப்பது அறமாகுமா?

மஞ்சள் பையையும் இதையும் ஒன்றாகக் கருதலாகாது. மஞ்சள் பை கையில் இருந்தால் பட்டிக்காட்டான் என்று எள்ளினர். அந்தக் கூச்சத்தால் அதனைக் கைவிட்டோம். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் 'மீண்டும் மஞ்சப்பை' என அரசே அழைத்தபோது, விட்டதை எடுத்துக்கொள்வதில் இழுக்கில்லை என உணர்ந்தோம். பை கூச்சத்தால் கைவிடப்பட்டது. குடிசையோ அச்சத்தால் கைவிடப்பட்டது. கூச்சத்தை நீக்கப் பிரசாரம் போதும். அச்சத்தை நீக்கத் தளம் வேண்டும்!

ஆதலால்தான் 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2011-இல் 'பசுமை வீடுகள்' என்ற பெயரிலேயே, 300 சதுர அடியில், சூரிய ஒளி விளக்குகளுடன் ஊரக ஏழைகட்கு வீடு கட்டும் திட்டம் வந்தது. குடிசையில்லாத் தமிழ்நாடு காண்போம் என்று, 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளைக் குறிக்கோளாகக் கொண்டு, 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, ஏழையின் தலைக்குமேல் உறுதியான கூரை வேண்டும் என்ற நோக்கு மாறவில்லை.

அப்படியானால் பழமையில் கொள்ளத்தக்கது ஏதுமில்லையா? உண்டு. சிறுசேரிக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கு அப்பால், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பி வைத்திருக்கின்றனர். மாணவருடன் சென்று, செட்டிநாட்டு வணிகர் இல்லத்தின் முற்றத்தில் நின்றோம். வெப்பக் காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, தாழ்வாரத்து நிழலின் குளிர்காற்று அதன் இடத்தை நிரப்புகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தோம். அதே மாணவி கேட்டாள்: "சார், இந்த வீட்டைக் கட்டினவங்க, கட்டி முடிச்சப்புறம் திண்ணையைத் தாண்டி உள்ள வந்திருப்பாங்களா?"

தாயின் மகள்! முற்றம் குளிர்ந்தது மெய். எல்லோர்க்கும் குளிர்ந்ததா என்பதன்றோ வினா? முற்றத்தின் அறிவியலைக் கொள்வோம். வாசற்படி வகுத்த வேற்றுமையைத் தள்ளுவோம். பகுத்தறிவு என்பது பழமையனைத்தையும் எரிப்பதன்று. எது அறிவு, எது அடிமைத்தனம் எனப் பிரித்தறிவது.

புதுமையையும் அவ்வாறே உரைத்துப் பார்க்கவேண்டும். சிமெண்டு எவ்வாறு பிறக்கிறது? அரியலூர் போன்ற இடங்களில் சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுடுகின்றனர். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள் அடங்கியிருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளிவிடும் அவ்வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது. வெப்பம் பெருகுகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிக்கும் நிலை வந்தது. அப்பேரிடர் முதலில் தாக்குவது யாரை? பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதனைக் கீழே உமிழும் தளத்தின் அடியில் படுத்திருக்கும் அச்சிறுமியை!

ஏழைக்குத் தளம் வேண்டும், தளமோ சுடுகிறது. என் செய்வது? இங்கேதான் கட்டடக் கலை அறத்தின் துணைக்கு வரவேண்டும்.

இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கேரளத்தைத் தாயகமாக்கிக்கொண்டு 2007-இல் மறைந்தவர் லாரி பேக்கர். முட்டுக்காட்டு வளாகத்தின் அமைப்பிலும் அவர் கை உண்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பும் எலிப்பொறிக் கட்டுமுறையை அவர் பரப்பினார். செங்கல்லில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குச் சுமை தாங்கும் வேலை மிகக் குறைவு. இழுவிசையைத் தாங்குவது கம்பியே. வேலையற்ற அவ்விடத்தில் பழைய ஓடுகளை வைத்துத் தளம் வார்த்தார். சிமெண்டும் குறைந்தது, வெப்பமும் குறைந்தது. நம் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்குகொண்ட ஆராய்ச்சியின் பயனாக, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக் கல்லும் கலந்து, சுட்டெடுக்கும் பங்கைப் பாதியளவாகக் குறைத்த சிமெண்டு உருவாகி, 2023-இல் இந்தியத் தரக்குறியீடும் பெற்றுவிட்டது. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிப்பதும், வெயிலைத் திருப்பியனுப்ப வெள்ளை பூசுவதும், எதிரெதிரே சாளரம் வைப்பதும் நம் கொத்தனார்கள் அறியாதவையல்ல.

அறிவு இருக்கிறது, அது செல்லும் திசைதான் பிழை. குளிர்நாட்டில் கதிரவனை உள்ளே அழைக்கும் கண்ணாடிச் சுவர் அறிவுடைமை. ஏப்ரல் வெயில் எரிக்கும் செங்கற்பட்டுச் சீமையில், நிழலின்றி அதனை நிறுத்திவிட்டுப் பின் குளிர்சாதனத்தால் விரட்டுவது எத்தகைய அறிவுடைமை? குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள்ளிருந்து வாரி வெளியே கொட்டுகிறது. தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே கொட்டுகிறது. கொட்டுமிடம் தெரு. அத்தெருவில் நிற்பவர் அந்தச் சித்தாள்.

நீரிலும் இதே கதை. 2003-இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது, நல்ல சட்டம். ஆனால் குழியைத் தன் மனையில் தோண்டிவிட்டு, மனையையே ஏரிவாயிலில் அமைத்தால் என்ன பயன்? 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. சதுப்பும் ஏரியும் இருந்த இடத்தில் கட்டடம் எழுந்ததால், போக்கிடமற்ற வெள்ளம் புறநகர் மக்களின் வீடுகளுள் புகுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலகறிந்த ராம்சார் பட்டியலில் ஏறியது. அதற்குள் அதன் பெரும்பகுதியை நாம் விழுங்கிவிட்டிருந்தோம்.

ஆகவே நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். தன் சுகத்தின் செலவை மதிலுக்கு அப்பால் எறியாத கட்டடமே பசுமைக் கட்டடம். தன் வெப்பத்தைத் தெருவிலும், தன் வெள்ளத்தை அண்டைவீட்டிலும், தன்னை எழுப்பிய கைகளைத் தகரக் கொட்டகையிலும் தள்ளிவிட்டு நிற்கும் மாளிகை, எத்தனைப் பட்டயம் தாங்கினும் பசுமையாகாது.

"அப்படியெனில் ஏழையும் சிமெண்டைக் குறைக்கவேண்டாமா?" என்பீர்கள். குறைக்கட்டும், ஆனால் முதலில் அவரிடம் கேளாதீர். உலகம் தாங்கக்கூடிய சிமெண்டுக்கு ஓர் அளவு உண்டெனில், அதில் முதல் உரிமை, தலைமுறை தலைமுறையாகக் கூரையின்றி நின்றவர்க்கே. சிக்கனத்தின் முதல் பாடத்தை இரண்டாம் வீடும் மூன்றாம் வீடும் கட்டி அடைத்து வைத்திருப்போர் படிக்கட்டும். கண்ணாடிக்கு நிழல்தட்டி வைக்காதோர் படிக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஏழு குளியலறை கேட்போர் படிக்கட்டும். ஏழையின் 360 சதுர அடிக்கு நாம் கொண்டுசெல்லவேண்டியது உபதேசமன்று; வெண்பூச்சும், காற்றுவழியும், வாயிலில் ஒரு புங்க மரமும்!

அந்தச் சிறுமியின் வீட்டு மாடியில், ஒரு ஞாயிறன்று, அவள் தாயும் நாமும் சுண்ணாம்பு அடித்தோம். கை பழகிய அவர் முக்காற்பங்கு அடித்தார், நாம் காற்பங்கு. மாலையில் தளத்தின் சூடு தணிந்திருந்தது. அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஒரு வாளிச் சுண்ணாம்பால் தீர்கிற தீமையன்று இது. மாடியிலிருந்து பார்த்தால் தொலைவில் சிப்காட் கண்ணாடிகள் மின்னின. "அங்கயும் நாங்கதான் சார் பூசினோம்" என்றார் அவர், மட்டையைக் கழுவியபடியே.

நிழலை எழுப்புவோர் ஒருவர், நிழலில் இருப்போர் வேறொருவர் என்னும் நிலை நீடிக்கும்வரை, பசுமை என்பது சுவரில் அடித்த சாயமே. சாயத்தை விடுத்து நிழலைப் பங்கிடுவோம்!