நாலு சீட்டைப் பார்த்துக் கேட்ட கேள்வி

போக்கரில் கைக்கு வரக்கூடிய முதல் இரண்டு சீட்டுகளில் உயர்ந்தது இரண்டு ஆஸ். எதிரில் இருப்பவரிடம் இரண்டு ராசா இருந்து, இருவருமே சிப்ஸ் முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டால், ஆஸ்காரர் ஏறக்குறைய ஐந்துக்கு நாலு தடவை வெல்வார். கொழும்பில் ஒரு காசினோ மேசையில் எனக்கு மிச்சம் அந்த ஒரு தடவை வாய்த்தது. கடைசிச் சீட்டாக மூன்றாவது ராசா விழுந்தது. "அவ்வளவையும் வச்சிருக்கக் கூடாது தம்பி" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். அவர் சொன்னது பிழை. அதே சீட்டு நாளைக்கு வந்தாலும் அவ்வளவையும்தான் வைப்பேன்.

நான் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் வளர்ந்து, வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவன். போனால் வீட்டுச் செலவைத் தொடாத காசோடு மட்டும் போவேன். ரூலட் பக்கம் திரும்புவதில்லை. 37 இலக்கமுள்ள சக்கரத்தில் ஓர் இலக்கம் விழுந்தால் 35 மடங்குதான் தருகிறார்கள். எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கணக்கை யாராலும் அசைக்க முடியாது. போக்கரில் காசினோ தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். மிச்சம் ஆட்டக்காரர்களுக்குள். அங்கே யோசனைக்கு இடமிருக்கிறது.

2025இல் இலங்கையர் காசினோவுக்குள் நுழைவதற்கான வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக்கினார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் தோட்டத்தில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவாகியிருந்தது. வாசலைத் தாண்டவே இருபது நாளுக்கு மேற்பட்ட கொழுந்து. அம்மா கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்தவர். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு நான் அங்கே போவது அரிதாகிவிட்டது. ஆனால் மேசையில் பிடிபட்ட ஒரு விஷயம் மட்டும் விடாமல் கூடவே வருகிறது. முடிவு எடுத்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்பது ஒன்று, பிறகு என்ன விழுந்தது என்பது வேறொன்று. இரண்டாவதை வைத்து முதலாவதை நிறுக்கக் கூடாது.

இதை எங்கள் ஊரில் 304 ஆடுகிறவர்களும் அறிவார்கள். சம்பள ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் சாக்கு விரித்து ஆடும் அந்த ஆட்டத்தில் முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் போடுவார்கள். அந்த நாலைப் பார்த்துக் கேள்வி, அதாவது ஏலம், கேட்க வேண்டும், துரும்பை முடிவு செய்து கவிழ்த்து வைக்க வேண்டும். மிச்ச நாலு அதற்குப் பிறகுதான் வரும். ஆட்டம் தோற்றால் எதிரே இருக்கும் கூட்டாளி, எட்டுச் சீட்டையும் பார்த்துவிட்ட கண்ணோடு, "இதுக்கு ஏன்டா கேட்ட?" என்று ஏசுவான்.

எங்கள் வீட்டில் அந்த ஏச்சு ஐம்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது, ஆனால் சீட்டாட்டத்துக்காக அல்ல.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாமென்றும் தீர்த்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்களிடம் அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: எந்த நாட்டுக்கு விண்ணப்பம் போடப் போகிறாய்?

தாத்தா இலங்கைக்குப் போட்டார். அவருடைய அண்ணன் இந்தியாவுக்குப் போட்டு, தலைமன்னார் வரை கோச்சியிலும் அங்கிருந்து கப்பலிலும் போய், கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தார்.

1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வந்தது. "பெரிய தாத்தா மாதிரி போயிருக்கலாம்" என்றார்கள் வீட்டில். 1977இலும் 1983இலும் தமிழர் மீது அடி விழுந்தது. பேச்சு இன்னும் உரத்தது. பிறகு கோத்தகிரியிலிருந்து கடிதம் வரும்: அங்கே தங்களைச் சிலோன்காரன் என்றே கூப்பிடுகிறார்கள், வேலை அதே வேலைதான், குளிரும் அதே குளிர்தான் என்று. அப்போது தாத்தா புத்திசாலியாவார். 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தபோது இன்னும் பெரிய புத்திசாலியானார். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது மறுபடியும் அவர் தலையில் விழுந்தது. அவர் செத்துப் பல வருடங்களாகியும் தீர்ப்பு மாறிக்கொண்டேயிருக்கிறது. போக்கரில் ஐந்தாவது சீட்டோடு கை முடிந்துவிடும். இதில் கடைசிச் சீட்டு என்று எதை வைப்பது?

இந்த ஒப்பீட்டை நான் ஓரளவுக்கு மேல் இழுக்க மாட்டேன். எனக்குப் பிடிக்காத மேசையிலிருந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். தாத்தாவின் மேசையை டில்லியில் போட்டார்கள். உட்காருகிறாயா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஆஸ் தோற்றால் எத்தனையோ கை ஆடும்போது கணக்கு நேராகிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். அவருக்கு இருந்தது ஒரே கை. இதை நினைக்கும்போது எனக்கு வருவது கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் எழுத்துத் தெரியாத ஒரு கொழுந்து மலைத் தொழிலாளியின் தலை அல்ல.

அம்மாவிடம் கேட்டேன், தாத்தா என்ன யோசித்தார் என்று. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரிடம் படிவத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். ஹட்டனுக்கு இறங்கிப் போய்ச் சங்கக் காரியாலயத்திலும் விசாரித்தாராம். திருச்சிப் பக்கத்து ஊரில் தங்களை ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கடிதம் எழுதச் சொல்லிப் பதிலுக்குக் காத்திருந்தாராம். பதில் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கைநாட்டு வைத்தார். அவருக்குக் கிடைத்த நாலு சீட்டையும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அதைவிட நன்றாக அந்தக் கையை யார் ஆடியிருக்க முடியும்?

இப்போது அக்கா மகளின் முறை. கட்டாரில் ஒரு வேலை வந்திருக்கிறது. பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரிக்குக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதா, போய்விடுவதா என்று, "என்ன செய்யிறது மாமா?" என்று கேட்டாள். முகவரின் பதிவை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கச் சொன்னேன். அங்கே ஏற்கெனவே போனவர்கள் இரண்டு பேரிடமாவது சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்கச் சொன்னேன். போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை.

அக்காவிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொண்டேன். அவள் எதை எடுத்தாலும், பத்து வருடம் கழித்து "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வீட்டில் ஒருவரும் வாயெடுக்கக் கூடாது.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க போயி அவ கஷ்டப்பட்டான்னா, பெத்தவ எப்படிடா சும்மா இருப்பேன்?" என்றாள். கஷ்டப்பட்டால் அழு, ஆளனுப்பிக் கூட்டி வா, அவளை மட்டும் ஏசாதே என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.