ஏவலும் கையும்

உத்தரவுக்குப் பணிந்து ஒருவன் செய்த காரியம் யாருடையது? ஏவியவனுடையதா, செய்தவனுடையதா? இந்தப் பழைய கேள்வியைத் தத்துவப் புஸ்தகங்களைவிடக் கூர்மையாக ஒரு ஜப்பானிய அனிமேயில் சந்தித்தேன் என்றால் இலக்கிய நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சினிமாவைப் பற்றிப் பேசவும் ஒரு காலத்தில் நாம் கூச்சப்பட்டவர்கள்தாம்.

தொடரின் பெயர் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’. ஹிரோமு அரகாவா என்ற பெண் 2001லிருந்து 2010 வரை எழுதி வரைந்த படக்கதை. 2003லும் 2009லும் இரு வேறு வடிவங்களில் அனிமேயாக வந்தது. அதில் ராய் மஸ்டாங் என்று ஒரு கர்னல். விரலைச் சொடுக்கினால் நெருப்பை எழுப்பக்கூடிய ரசவாதி. இஷ்வால் என்ற பிரதேசத்து மக்களைப் பூண்டோடு ஒழிக்க அரசு உத்தரவிட்டபோது அந்த விரலால் தெருத்தெருவாக எரித்தவன். போர் முடிந்ததும் அவனை நாயகன் என்று கொண்டாடுகிறார்கள். அரகாவா ஹொக்கைடோவில் பிறந்தவர். அங்கே குடியேறியவர்களிடம் நிலத்தை இழந்த ஐனு மக்களின் நினைவு இஷ்வாலுக்குப் பின்னால் இருப்பதை அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டு அனிமேக்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. 2003 தொடரில், எதிரிகளுக்கும் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர் தம்பதியை மேலிடத்து உத்தரவின்பேரில் மஸ்டாங் சுட்டுக் கொல்கிறான். பிறகு தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்க்கிறான். படக்கதையை ஒட்டி வந்த 2009 தொடரில் அந்தக் கொலை அவனுடையதல்ல. குற்றம் குறைந்துவிட்டது போலத் தோன்றும், உண்மையில் கூடிவிட்டது. முதலாவதில் இறந்தவர்களுக்கு முகம் இருக்கிறது. ஆகவே பாவம் ஒரு தனிமனிதனின் சோகமாகச் சுருங்குகிறது. இரண்டாவதில் முகங்களே இல்லை, ஒரு ஜனத்தொகை இருக்கிறது. ஒரு ஜனத்தொகைக்காக ஒருவன் தற்கொலை செய்துகொண்டால் யாருக்கு என்ன கணக்குத் தீரும்?

இங்கே மஸ்டாங் இரண்டு முடிவுகள் எடுக்கிறான். ஆட்சியின் உச்சிக்கு ஏறி, அதிகாரத்தை மக்கள் சபைக்கு மாற்றுவது. அப்படி மாறினால் இஷ்வாலின் நாயகர்களே யுத்தக் குற்றவாளிகளாகக் கூண்டில் நிற்க நேரும் என்பது அவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் தெரியும். இரண்டாவது, தன் முதுகுக்குப் பின்னால் ரீஸா ஹாக்ஐ என்ற துணை அதிகாரியை நிறுத்திக்கொள்வது. அவள் காவலுக்கு நிற்கிறாள். அவன் வழி தவறினால் சுடவும் நிற்கிறாள். அந்த அனுமதியைக் கொடுத்தவன் அவனேதான். நண்பனைக் கொன்ற ஜந்துவைப் பழிவெறியோடு அவன் எரிக்கும் கட்டத்தில் அவள் துப்பாக்கியை அவன்மீது நீட்டவும் செய்கிறாள்.

உத்தரவை மறுத்தவர்களும் உண்டு. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், கூட்டத்தின்மீது சுடச் சொன்னபோது சந்திர சிங் கர்வாலியும் அவருடைய சிப்பாய்களும் மறுத்தார்கள். ராணுவக் கோர்ட் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவரை வணங்கலாம், அவரிடம் நமக்குக் கேள்வி இல்லை. கேள்வியெல்லாம் மறுக்காதவனைப் பற்றித்தான். நம்மில் பெரும்பாலோர் மறுக்காதவர்கள். மேலதிகாரியின் உத்தரவு பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று 1945ன் நூரம்பர்க் சாசனம் எழுதிவைத்தது. சட்டம் அதோடு நின்றுகொள்ளலாம். செய்து முடித்தவன் மறுநாள் காலையில் எப்படி எழுந்திருப்பது என்று சட்டம் சொல்வதில்லை.

நான் பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் ஒரு வங்கிக் கிளைக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன். அரியலூருக்குக் கிழக்கே ஜெயங்கொண்டம். அதையும் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். அந்தத் தலைநகரின் அரசனுக்காகப் பாடப்பட்டதுதான், ஒரு தளபதியை நம் மொழியில் பெரிய அளவில் பாத்திரமாக்கிய கலிங்கத்துப்பரணி. 1110 வாக்கில் முதற்குலோத்துங்கன் அனுப்பக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் போன கதை. காரணம், கலிங்க மன்னன் இரண்டு முறை திறை கொண்டுவரவில்லை. களத்துக்குப் போனவன் கருணாகரன். பரணியின் தலைவன், களத்துக்கே போகாத குலோத்துங்கன்.

அரசன் பேசி முடித்த மாத்திரத்தில், நான் போகிறேன், விடை கொடுங்கள் என்று கருணாகரன் தானே கழல் தொழுகிறான். ஏவல் வெளியிலிருந்து நம்மேல் வந்து விழுகிறது என்ற எண்ணமே பாதிப் பொய் என்று இந்த இடத்தில் தெரிந்துகொண்டேன். மேலிருந்து வரும் சொல்லுக்காக உள்ளே ஒரு ஆசை முன்கூட்டியே காத்திருக்கிறது. பிறகு ஊர்கள் எரிகின்றன. தப்பிய கலிங்கர் பிராமணர் என்றும் சமணர் என்றும் பாணர் என்றும் வேஷம் போட்டுத் தப்பப் பார்க்கிறார்கள். கவி அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். தளபதி கொள்ளைப் பொருளோடு திரும்பி அரசனை வணங்குகிறான். அவ்வளவுதான். இரவில் அவனுக்குத் தூக்கம் வந்ததா என்று நூலில் யாரும் கேட்பதில்லை.

களத்தைக் கண்கொண்டு பார்க்கிறவர்கள் காளியும் பேய்களும்தாம். பிணங்களைக் கொண்டு கூழ் அடும் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் பிரமிப்பும் குமட்டலும் எனக்கு ஒன்றாகவே வருகின்றன. யுத்தத்தின் உண்மை ஜெயங்கொண்டாரை மீறி அங்கே வெளிப்பட்டுவிட்டது என்று வாதாடத் தோன்றும். ஆனால் கூழைக் குடித்து முடித்த பேய்கள் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. சாட்சிகளும் சோறு போட்டவன் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

இதே கலிங்கத்துக்காக வருந்திய அசோகனை நாம் மறுபக்கத்தில் நிறுத்துவது வழக்கம். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று பதிமூன்றாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தப் பதிமூன்றாம் கல்வெட்டு இல்லை. அதன் இடத்தில் வேறு சாசனங்கள் இருக்கின்றன. வருத்தம் ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்டது, யாரைக் கொன்றானோ அவர்களின் மிச்சத்தைத் தவிர.

எனவே நான் வந்து சேர்கிற இடம் இது. வருத்தப்படுவது செய்தவனின் சொந்த விவகாரம். அதில் அவனுக்குக் கொஞ்சம் சுகம்கூட இருக்கலாம். தன்னை விசாரிக்கும் உரிமையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போதுதான் வருத்தம் தார்மிகமாகிறது. மஸ்டாங் செய்ய முயல்வது இதைத்தான். முயல்வது என்றே சொல்கிறேன். உச்சிக்கு ஏற அவன் அதே ராணுவத்துக்குத்தான் உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த விசாரணையை நமக்குக் காட்டாமலே தொடரும் முடிந்துவிடுகிறது. அவனைச் சுடும் அதிகாரமும் ஒரு இஷ்வால்காரனிடம் இல்லாமல், அவனோடு சேர்ந்து அங்கே சுட்டவளிடம் இருக்கிறது. அரகாவா கடைசிப் படியில் தயங்கிவிட்டார் என்பது என் அபிப்ராயம். ஆனால் படி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

இதை எழுதத் தூண்டிய விஷயம் சின்னது. நகைக்கடன் தவணை தப்பியவர்களுக்கு ஏல நோட்டீஸ் அனுப்புவதும் எங்கள் வேலை. பெயர், கடன் எண், கிராம் எல்லாம் நிரப்புகிறவன் நான், கையெழுத்து மேனேஜருடையது. ஒரு நாள் வயதான அம்மாள் ஒருத்தி நோட்டீஸோடு வந்து, “இத எழுதுனது யாரு சாமி?” என்று கேட்டாள். மேனேஜர் அறையைக் கை காட்டினேன். அவள் நகரவில்லை. “கையெழுத்து அவருதுன்னு சொன்னாங்க. எழுதுனது யாருன்னுதான் கேக்கறேன்.” என் எழுத்து அந்தக் காகிதத்தில் இருக்கிறது, என் முன்னால் பேரேட்டிலும் இருக்கிறது. நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சொன்னதும் அவள் திட்டவில்லை. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். இதைக் கலிங்கத்தோடு ஒப்பிடுவது அபத்தம். ஆனால் அறையைக் காட்டிய கையின் அசைவு எனக்குப் பரிச்சயமானதாக இருந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய செங்கமேட்டில் காளி கோயிலில் சிவப்பு மணற்கல் சிற்பங்கள் இருக்கின்றன. ராஜேந்திரன் காலத்துப் படையெடுப்பில் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்தவை என்கிறார்கள். இன்று அவை எங்கள் ஜில்லாப் பக்கத்துச் சாமிகள். யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை, ஊர்க்காரர்கள் கும்பிடுவதில் தப்பும் இல்லை. ஆனால் சோழப் பெருமையை எழுதக் கிளம்புகிறவர்கள் அங்கே ஒரு தடவை போய்வரலாம். மஸ்டாங்கின் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருத்தி நின்றாள். கருணாகரனின் முதுகுக்குப் பின்னால் நின்றவர் ஒரு கவி. அவர் கையில் இருந்தது பரணி. நம்மில் யாரும் தளபதிகளாகப் போவதில்லை. அந்த இரண்டாவது இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே நின்று எழுதக் கூப்பிடுகிறவர்களும் குறைவில்லை.