ஆமைத் தொட்டியும் அறிவுடைக் கருணையும்



மும்மணிகளைச் சரணடைந்து பஞ்ச சீலங்களை ஏற்கும்போது, உயிர்க்கொலையினின்று விலகுவதையே நாம் முதற்கண் உறுதி கூறுகிறோம். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மைப் பின்பற்றியோருக்கு அளித்த 22 உறுதிமொழிகளிலும், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காத்தல் ஓர் உறுதியாக இடம்பெற்றுள்ளது. விகாரையில் சொல்லும் இவ்வுறுதி சோதிக்கப்படும் இடம் நமது இல்லமே. ஆதலின், இந்நாளில் நகரத்து வீடுகள் பலவற்றின் கூடத்தில் காணப்படும் ஆமைத் தொட்டியைக் குறித்து இன்று சிந்திப்போம்.

ஆமையைப் பற்றி நம் நாட்டில் இரண்டு மூடநம்பிக்கைகள் உலவுகின்றன. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழையது. ஆமையை வளர்த்தால் செல்வம் பெருகும் என்பது புதியது. முன்னது அவ்வுயிரை விரட்டுகிறது, பின்னது சிறைப்படுத்துகிறது. காரண காரியத் தொடர்பை ஆராய்ந்து தெளியுமாறு போதித்த பகவானின் வழியினர்க்கு இவ்விரண்டும் ஒவ்வா.

எனினும், அன்பின் காரணமாகவே ஆமை வளர்ப்போரும் உளர். குழந்தை ஆசைப்பட்டதென்று, உள்ளங்கையில் அடங்கும் குஞ்சொன்றை வாங்குகின்றனர். தனியே இருந்தால் ஏங்குமே என்று இரங்கி, துணைக்கு மற்றொன்றையும் அதே தொட்டியில் விடுகின்றனர். அந்த இரக்கம் மெய்யானதே. ஆனால் அறிவு அதனோடு சேரவில்லை. துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கடைகளில் பெரிதும் விற்கப்படுவது சிவப்புக் காது ஆமை. அமெரிக்க நாட்டு மிசிசிப்பி ஆற்றுப் பகுதி அதன் தாயகம். அச்சிறு குஞ்சு வளர்ந்து ஏறக்குறைய ஓரடி நீளத்தை எட்டக்கூடும். 20, 30 ஆண்டுகள் வாழவும் கூடும். கிளியும் மைனாவும் போலத் துணையை நாடும் இயல்பு அதற்கில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்வதைக் கண்டு நாம் நட்பென்று மகிழ்கிறோம். பெரும்பாலும் அது இடத்திற்கான நெருக்கடியே. வலியது உணவையும் மேட்டையும் கைக்கொள்ள, மெலியது பசித்திருந்து, வாலிலும் காலிலும் கடியுண்கிறது. ஆணும் பெண்ணும் ஒருங்கிருப்பின், ஆண் ஓயாது துரத்த, பெண் இளைப்பாற இடமின்றி வாடுகிறது. ஆற்றில் தோற்ற ஆமை நீந்தி அகன்றுவிடும். தொட்டியில் தோற்றது எங்கே செல்லும்?

பிறர் வகுத்த எல்லைக்குள் நிறுத்தப்பட்டு, 'இதுவே உங்களுக்குரிய இடம்' என்று சொல்லக் கேட்ட தலைமுறைகளின் வழிவந்தோர் நாம். அடைத்து வைத்தவனது மனநிறைவு அடைபட்டவனது சுகத்திற்குச் சான்றாகாது என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், ஏற்கெனவே வளர்ப்போர் செய்யத்தக்கது யாது? கடித்துக்கொள்ளும் ஆமைகளை உடனே தனித்தனித் தொட்டியில் பிரித்து வைத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் நன்கு நீந்துமளவு நீரும், முற்றிலும் உலர்ந்து காய ஒரு மேடும் தேவை. ஓடு உறுதிப்பட வெயிலின் புற ஊதாக் கதிர் இன்றியமையாதது. சாளரக் கண்ணாடி அதனைப் பெரிதும் தடுத்துவிடுவதால், நேர் வெயிலோ அதற்கென அமைந்த விளக்கோ வேண்டும். வெயிலில் வைக்கும்போது ஒதுங்க நிழலும் வேண்டும். அழுக்கு நீரைத் தவறாது மாற்றுக. ஆமைகளிடம் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடுமாதலால், தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுக. சிறு குழந்தைகளைத் தொடவிடற்க.

பராமரிக்க இயலாதபோது ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுவதைச் சிலர் உயிர் விடுதலை என்னும் புண்ணியமாகக் கருதுகின்றனர். அது புண்ணியமன்று. இவ்வயல்நாட்டு ஆமை நம் நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கும், நோயையும் பரப்பக்கூடும். உலகில் மிகுந்த தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உள்ளது. ஓர் உயிரை விடுவித்துப் பல உயிர்களை வருத்துதல் கருணையாகுமோ? தக்க முறையில் வளர்க்க வல்லாரிடம் ஒப்படைப்பதே நெறி. நட்சத்திர ஆமை முதலிய நம் நாட்டு ஆமைகள் பலவற்றைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடுக்கிறது.

இதுவரை வாங்காதோர் வாங்காதிருப்பதே நன்று. உபாசகர் விலக்க வேண்டியவையெனப் பகவான் கூறிய ஐந்து வாணிபங்களுள் உயிர்களை விற்பதும் ஒன்று. வாங்குவோர் இன்றி அவ்வாணிபம் நிலைபெறாது.

மானிடப் பிறவியின் அருமையை உணர்த்தப் பகவான் ஓர் ஆமையையே உவமையாக்கினார். பெருங்கடலில் ஒற்றைத் துளையுள்ள நுகத்தடி ஒன்று காற்றில் அலைகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை மேலெழும் குருட்டு ஆமையொன்றின் கழுத்து அத்துளையில் நுழைவது எத்துணை அரிது! தீநெறியால் தாழ்ந்தவன் மீண்டும் மனிதனாய்ப் பிறப்பது அதனினும் அரிது என்றார். அத்தகைய பிறவியைப் பெற்றுள்ள நாம், நம் கூடத்துத் தொட்டியில் உள்ள உயிரின் துன்பத்தைக் காணாதிருத்தல் தகுமோ? பிரக்ஞையும் கருணையும் இரு கண்கள். இரண்டும் திறந்து நம் இல்லத்தை நோக்குவோமாக. நீரில் வாழ்வனவும் நிலத்தில் வாழ்வனவும் துன்பம் நீங்கி வாழ்வனவாகுக!

சாது! சாது! சாது!