சபை பெருகக் குரல் குறைவது ஏன்?

எந்தச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் செயலாளரின் அறிக்கையில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறும்: "அங்கத்தவர்களின் ஒத்துழைப்புப் போதாது." பாடசாலை அபிவிருத்திச் சங்கமாயினும் சரி, கமக்காரர் அமைப்பாயினும் சரி, விளையாட்டுக் கழகமாயினும் சரி, முறைப்பாடு ஒன்றுதான். அந்த முறைப்பாட்டுக்குள் ஒரு தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. நம்மவர்களுக்கு அக்கறையில்லை, சுயநலம் கூடிவிட்டது, அந்தக் காலத்து மனிதர்கள் இப்போது இல்லை. இத்தீர்ப்பு நியாயமானதா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்களைப் போன்ற கிராமத்து ஆசிரியர்களும் வகுப்புக்கொரு வட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தோம். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. எனது வகுப்புக் குழுவில் இருபத்துச் சொச்சம் பெற்றோர் இருக்கிறார்கள். "நாளைக்கு மண்டபத்துக்குக் கதிரை தூக்க ஆள் வேண்டும்" என்று எழுதினால் கால்மணி நேரத்துக்குள் "நான் வாறன் சேர்" என்று நாலைந்து பதில்கள் வந்துவிடும். இதே பெற்றோர் ஊருக்கான பொதுக் குழுவிலும் இருக்கிறார்கள். ஒரு வட்ஸ்அப் குழுவில் 2016இல் 256 பேர் சேரலாம் என்றிருந்தது. 2022இல் அது முதலில் 512 ஆகவும் பின்னர் 1,024 ஆகவும் உயர்ந்தது. வரம்பு உயர உயர எங்கள் ஊர்க் குழுவும் வளர்ந்தது. ஆனால், அங்கே பேசுபவர்கள் அன்றிருந்த அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். வடிகான் அடைத்துவிட்டது, யாராவது வாருங்கள் என்று எழுதினால் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், மண்வெட்டி வராது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டு குழுவிலும் இருப்பவர் ஒரே மனிதர். காலையில் கதிரை தூக்க ஓடி வந்தவர்தான் மாலையில் வடிகான் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். அக்கறையில்லாத மனம் என்று சொன்னால், அந்த மனம் காலையில் எங்கே போயிருந்தது?

இக்கேள்வி புதியதன்று. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் மனிதர்களைக் கொண்டு கயிறு இழுக்கச் செய்து அவர்களின் பலத்தை அளந்தார். 1913இல் வெளியான அவரது முடிவுகளின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது வெளிப்பட்ட பலம், அந்த எட்டுப் பேரும் தனித்தனியே இழுத்தால் வரக்கூடிய மொத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான். ஒருவர் இழுக்கும் கணத்தில் மற்றவர் இழுக்காததும் இதற்கொரு காரணமாகலாம். ஆனால், 1979இல் பிப் லத்தானேயும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் ஆட்களைச் சத்தமிடச் சொல்லியும் கைதட்டச் சொல்லியும் சோதித்தபோது, தன்னோடு பலர் சேர்ந்து சத்தமிடுகிறார்கள் என்று நம்பிய மாத்திரத்திலேயே ஒருவரின் சத்தம் குறைந்தது. உண்மையில் அவர் தனியாகத்தான் சத்தமிட்டுக்கொண்டிருந்தார். பின்னர் 1981இல் வெளியான சோதனையில், எப்போதும் தன் குரல் தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தக் குறைவும் மறைந்துபோனது. தன் பங்கு கண்ணுக்குத் தெரியும் என்ற நிலையில் மனிதன் உழைக்கிறான். அது கூட்டத்தில் கரைந்துவிடும் என்ற நிலையில், தன்னை அறியாமலேயே தளர்ந்துவிடுகிறான்.

இதைவிட மனதைத் தொடும் ஆய்வொன்று 1968இல் வெளிவந்தது. ஜோன் டார்லியும் அதே லத்தானேயும் செய்தது. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி ஒலிபெருக்கி வழியாக உரையாடச் செய்தார்கள். இடையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கும். அதைக் கேட்பவர் தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர் குரல் ஓயுமுன்னரே உதவி தேடிப் புறப்பட்டார்கள். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அவ்வாறு புறப்பட்டோர் 31 வீதம் மட்டுமே. புறப்படாதவர்கள் கல்நெஞ்சர்களா? ஆய்வாளர்கள் அறைக்குள் சென்று பார்த்தபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது; உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டார்கள். அக்கறை இருந்தது. அந்த அக்கறை எந்தக் கதவால் வெளியேறுவது என்று தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறோர் ஆய்வு. றோஜர் பாக்கர், போல் கம்ப் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பாடசாலைகளை ஆராய்ந்து 1964இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். பெரிய பாடசாலை, சிறிய பாடசாலை என்ற ஒப்பீடே அதன் பொருள். பெரிய பாடசாலையில் கழகங்களும் விழாக்களும் அதிகம். தெரிவு செய்ய நிறைய உண்டு. ஆனால், நாடகத்தில் பாத்திரம், அணியில் இடம், சங்கத்தில் பதவி என்று பொறுப்பான இடங்களைக் கணக்கெடுத்தபோது, சிறிய பாடசாலைகளில் ஒரு மாணவருக்குச் சராசரியாக 3.5 இடங்களும் பெரிய பாடசாலையில் 0.5 இடமுமே இருந்தன. பெரிய பாடசாலையின் பிள்ளை பார்வையாளராக இருந்து பெருமைப்பட்டது. சிறிய பாடசாலையின் பிள்ளை தானே மேடையேறித் தடுமாறிப் பழகியது.

கன்சாஸ் எங்கே, நாம் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் ஒரு சிறு கிராமத்துப் பாடசாலையைப் பாருங்கள். அஞ்சலோட்டத்துக்கு நால்வர் வேண்டும். வகுப்பில் இருக்கும் ஆண்பிள்ளைகளே ஆறு பேர்தான். ஓட்டத்தில் மெதுவானவனும் ஓடித்தான் ஆக வேண்டும். தமிழ்த்தினப் போட்டியின் நாடகத்துக்கு எட்டுப் பாத்திரங்கள் என்றால், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் ஒரு வசனம் கிடைத்துவிடும். அந்தப் பிள்ளை வராத நாளில் ஒத்திகை நின்றுவிடும். மற்றப் பிள்ளைகள் வீடு தேடிப் போய்க் கூட்டி வருவார்கள். "நீ வராவிட்டால் இது நடக்காது" என்ற வார்த்தை அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் ஒருவேளை முதன்முதலாக அப்போதுதான் சொல்லப்படுகிறது. பாக்கரின் ஆய்விலும் அதைத் தொடர்ந்தவற்றிலும் இதே உண்மை வெளிப்பட்டது. படிப்பில் பின்தங்கிய, வசதி குறைந்த பிள்ளைகள் சிறிய பாடசாலையில் மற்றவர்களைப் போலவே தம் கடமையை உணர்ந்தார்கள். பெரிய பாடசாலையில் அவர்கள் ஓரத்தில் நின்றார்கள்.

நமது நாட்டில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. நூறு பிள்ளைகள்கூட இல்லாதவை அவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை மூடுவது, இணைப்பது பற்றிய பேச்சும் அடிக்கடி எழுகிறது. விஞ்ஞான ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்ற குறைகள் மெய்யானவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், கணக்குப் பார்ப்பவர்கள் இந்த 3.5ஐயும் 0.5ஐயும் எந்தக் கட்டத்தில் எழுதுகிறார்கள்?

இவ்வளவும் சொன்னதனால் சிறியதெல்லாம் நல்லது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. சிறு கூட்டம் கையை இயக்குகிறது. நாவைக் கட்டியும் போடுகிறது. சொலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனைகளில், ஒரு கோட்டின் நீளத்தைப் பற்றி மற்றவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே பிழையாகச் சொன்னபோது, கண்ணுக்கு நேரே தெரிந்ததை விட்டுவிட்டுப் பலர் அந்தப் பிழையோடு ஒத்துப் போனார்கள். அதற்குப் பெருங்கூட்டம் தேவைப்படவில்லை. எதிரே மூன்று பேர் இருந்தாலே போதுமாயிருந்தது. இதைக் கிராமத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது பேர் கூடும் சங்கத்தில் பொருளாளர் உங்கள் மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். "கணக்கறிக்கை எங்கே?" என்று கேட்டால் அடுத்த கலியாணத்துக்கு அழைப்பு வருமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். கதிரை தூக்க முந்திக்கொண்டு வரும் அதே மனிதர் கேள்வி கேட்கும் நேரத்தில் நிலத்தைப் பார்க்கிறார். ஊருக்குள் வாய்திறவாதவர் முகம் தெரியாத பெருங்கூட்டத்தில் துணிந்து பேசுவதும் உண்டு. எனினும், ஆஷ் கண்ட இன்னொன்று நமக்கு ஆறுதல் தருகிறது. உண்மையைச் சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே, பிழைக்கு ஒத்துப்போவது பெரிதும் குறைந்துவிட்டது. கேள்வி கேட்பவருக்குப் பக்கத்தில் "அவர் கேட்டது நியாயம்தானே" என்று சொல்ல ஒருவர் போதும்.

இனி நாம் அறவியல் கேள்விக்கு வரலாம். மனிதனின் மௌனத்துக்குக் கூட்டத்தின் அளவுதான் காரணமென்றால், மௌனமாய் இருந்தவன் மீது குற்றமில்லை என்றாகுமா? அப்படிச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நமது மார்க்கச் சட்டத்தில் பர்ளு கிபாயா என்றொரு கடமை உண்டு. ஜனாஸாத் தொழுகை அதற்கு உதாரணம். சிலர் நிறைவேற்றினால் ஊரின் கடமை நீங்கிவிடும். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் குற்றம் எல்லோர் மீதும் வரும். இதிலுள்ள கணக்கைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேர் இருப்பதால் ஒருவரின் குற்றம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதில்லை. கயிறு இழுக்கும்போது பலம் பிரிந்து போகலாம். பொறுப்பு அவ்வாறு பிரிவதில்லை. வேறு யாராவது செய்திருப்பார்கள் என்ற எண்ணம் இயல்பானதுதான். அந்த எண்ணம் சரியா என்று ஒரு தடவை எழும்பிப் பார்க்கும் கடமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

மௌனமாய் இருப்பவருக்கு ஒரு கடமை உண்டென்றால், கூட்டத்தை நடத்துபவருக்கு இரண்டு உண்டு. ஒன்று, பெரியதைச் சிறிதாக்கிக் கொடுப்பது. நமது குளத்துக் கிராமங்களில் குளக்கட்டையும் வாய்க்காலையும் காணியின் அளவுக்கேற்பப் பங்கு பிரித்துத் துப்புரவு செய்யும் பழைய வழக்கம் இருந்தது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை இன்னாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். புல் வெட்டப்படாத துண்டைப் பார்த்தால் அது யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. "எல்லோரும் சேர்ந்து வாய்க்காலை வெட்டுவோம்" என்று மேடையில் பேசுவதைவிட அந்தப் பங்கு வலியது. ஏனெனில் அது மனிதனிடம் விசேட நல்ல குணம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கென்று ஓர் இடத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மற்றக் கடமை கடினமானது. திறமைசாலிகளுக்கு மிகவும் கடினமானது. இடத்தைக் காலியாக விட வேண்டும். எல்லாச் சங்கங்களிலும் எல்லாவற்றையும் தானே செய்யும் ஒருவர் இருப்பார். அறிவித்தலும் அவர், கணக்கும் அவர், நன்றியுரையும் அவர். அவருடைய உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அவர் நிரப்பிய ஒவ்வோர் இடமும் இன்னொருவர் வளர்ந்திருக்கக்கூடிய இடம். வகுப்பறையிலும் இப்படித்தான். எந்த விழாவென்றாலும் அதே ஐந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் மேடையேறினால் விழா சிறப்பாக நடந்துவிடும். மற்ற முப்பது பிள்ளைகள் கைதட்டப் பழகிக்கொள்வார்கள். பிற்காலத்தில் இவர்கள்தான் பொதுக்கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள். அப்போது நாம் அவர்களுக்கு அக்கறையில்லை என்று அறிக்கை எழுதுவோம்.

"யாராவது வாருங்கள்" என்ற அழைப்பில் யாருடைய பெயரும் இல்லை. ஆதலால் யாரும் வருவதில்லை. "தம்பி, உங்கட மண்வெட்டியைக் கொண்டு வாங்க, மேற்குப் பக்கத்துப் பத்து முழம் உங்கட பங்கு" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டும் வராதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி வேண்டுமானால் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால், நாம் இதுவரை அவ்வாறு சொல்லி வந்தவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம்?