மறுத்த உடலிடம் மீண்டும் கேட்பது

சூலகப் புற்றுநோய் கண்ட ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். கார்போபிளாட்டின் என்னும் மருந்தால் நோய் அடங்கியது. சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பவே, அதே மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. எட்டாம் முறை ஏற்றுகையில் உள்ளங்கை அரிக்கிறது, முகம் சிவக்கிறது, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிகிறது. செவிலியர் மருந்தை நிறுத்த, அட்ரினலின் ஊசி உயிரைக் காக்கிறது. அன்று மாலையே நோயாளியின் குறிப்பேட்டில் சிவப்பு மையால் 'ஒவ்வாமை' என்று எழுதப்படுகிறது.

ஏழு முறை ஏற்றுக்கொண்ட உடல் எட்டாம் முறை ஏன் பகைக்கிறது? 1902ஆம் ஆண்டில் சார்லஸ் ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர், கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். முதன்முறை பிழைத்த நாய், சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவிலேயே மடிந்தது. இக்கண்டுபிடிப்புக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுக்கும் நினைவுண்டு, அந்நினைவு நமக்கு எப்போதும் நன்மையே செய்வதில்லை. கார்போபிளாட்டின் பல முறை பழகிய பின்னரே பெரும்பாலும் பகைக்கிறது. பாக்ளிடாக்சலோ முதல் அல்லது இரண்டாம் முறையிலேயே தொல்லை தரக்கூடியது. அதில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் ஆமணக்கெண்ணெய் வழிப் பொருளும் காரணமாகலாம். 'ஒவ்வாமை' என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிவிடுகிறது.

அச்சொல்லை எழுதிய மருத்துவரை யாரும் குறை கூறப்போவதில்லை. ஆபத்தான மருந்தை அவர் நிறுத்தினார், அது கடமையே. ஆனால் மாற்று மருந்து வலுக் குறைந்ததாக இருந்து நோய் வளருமானால், அந்த இழப்பு யார் கணக்கில் சேரும்? செய்ததனால் வந்த தீங்குக்குப் பதில் கேட்கிறோம். செய்யாமல் விட்டதனால் வந்த தீங்கைப் பெரும்பாலும் நோயின் தலையில் கட்டிவிடுகிறோம். அச்சம் விவேகத்தின் உடையை அணிந்து வருவது இங்கேதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கென ஒரு சோதனை உண்டு. முன்கையில் மருந்தின் மிகச் சிறு துளியைத் தோலுக்குள் செலுத்தி, ஏறக்குறைய இருபது நிமிடம் காத்திருந்து, தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார்கள். எதிர்விளைவு நேர்ந்த உடனே செய்தால் விடை பொய்க்கக்கூடும். ஆகவே சில வாரங்கள் பொறுத்தே செய்கிறார்கள். தடிப்பு எழாவிட்டாலும் மருந்து முழுமையாக விடுதலை பெற்றதாகாது.

தடிப்பு எழுந்தாலோ? அப்போதும் வழி அடைபடுவதில்லை. மருந்தை நூறில் ஒரு பங்காகவும், பத்தில் ஒரு பங்காகவும், பின் முழு வலுவிலுமாக மூன்று பைகளில் கரைத்து, பன்னிரண்டு படிகளில், கால்மணி நேரத்துக்கொரு முறை அளவைக் கூட்டி, ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏற்றுகிறார்கள். பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 98 நோயாளிகளுக்கு இவ்வாறு 413 முறை புற்றுநோய் மருந்துகள் ஏற்றப்பட்டன. நூற்றுக்கு 94 முறை தொல்லை இல்லை, அல்லது மிகச் சிறிதே, உயிரிழப்பு ஒன்றுமில்லை.

எல்லா மறுப்பையும் இப்படி வென்றுவிடலாம் என்று எண்ணலாகாது. தோல் கொப்பளித்து உரியும் கடும் எதிர்விளைவுகளில் அந்த மருந்தை மீண்டும் தொடவே கூடாது. பழகிய மருத்துவரும், படுக்கையருகே அகலாத செவிலியரும், அவசர சிகிச்சை வசதியும் இல்லாத இடத்தில் சிவப்பு மையே நேர்மையான விடையாகவும் இருக்கலாம். ஆனால் அங்கும், வேறோர் இடத்தில் வழியுண்டு என்று அத்தாயிடம் சொல்லாமல் விடுவது நேர்மையாகுமா? மூச்சடைத்த அந்த நிமிடத்தை அவரே அறிவார். மீண்டும் அந்த நாற்காலியில் அமர்வதா என்பதை, உண்மை முழுவதும் கேட்டபின் அவர்தாம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றாலும் அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அவர் சம்மதித்தால், இந்தப் பழக்கத்தை உடல் நெடுநாள் காப்பதில்லை. அடுத்த முறை அவர் வரும்போது, மீண்டும் அந்த முதல் பையிலிருந்து, முதல் துளியிலிருந்தே தொடங்க வேண்டும்.