வினாவின் குறை யார் கணக்கில்?

"சரியான விடை எது?" என்று கேட்கப் பழகிய நாம், வினா முழுமையாக இருக்கிறதா என்று கேட்பது அரிது. க.பொ.த. உயர்தர உயிரியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். மருத்துவ பீடக் கனவோடு படிக்கும் எங்கள் மாத்தளை மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகள் பலரின் கையில் இருப்பவையோ, பிரதிக்கு மேல் பிரதி எடுத்து மங்கிப்போன போட்டோ கொப்பிகளும், முன்னர் பரீட்சை எழுதியோர் ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்த வினாக்களும்தாம். படம் இராது; நான்காம் விடை இராது; சிலவேளை வினாவின் உயிரான சொல்லே இராது. "சேர், இதுக்கு எத்தனையாவது விட?" என்று கேட்டு வருவார்கள். அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பது வெறும் கற்பித்தல் பிரச்சினையல்ல, அறப் பிரச்சினையுமாகும்.

குறைவினாக்கள் இருவகை. முதல்வகைக்கு ஓர் உதாரணம்: "ஈரலின் தொழில் எது?" என்று கேட்டு, பித்தம் சுரத்தல், கிளைக்கோசனைச் சேமித்தல், யூரியாவை ஆக்குதல், அல்புமினை ஆக்குதல், இன்சுலினைச் சுரத்தல் என ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கின்றன. நான்கு சரி, ஐந்தாவது சதையியின் தொழில். ஆகவே "தொழில் அல்லாதது எது" என்றே வினா இருந்திருக்க வேண்டும். இங்கே குறையை நிரப்புவது அறிவு.

இரண்டாம் வகை வேறு. "காய்ச்சலுள்ள குழந்தைக்குப் பரசிற்றமோல் எவ்வளவு கொடுக்கலாம்?" என்று மட்டும் இருக்கிறது, குழந்தையின் நிறை விடுபட்டுவிட்டது. குழந்தைகளுக்கான அளவு நிறையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நிறை தெரியாமல் எந்த விடைக்கும் கோடிட முடியாது. இங்கே குறையை நிரப்புவது ஊகம் மட்டுமே.

ஊகித்து நிரப்புவதில் ஓர் ஆபத்து உண்டு. இவ்வருடம் ஒருவர் தம் யூகத்தில் "10 கிலோ" என்று எழுதி வைத்தால், அடுத்த வருடம் அது மூலவினாவாகவே பரவிவிடும். ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த ஆபத்தை நன்கறிந்திருந்தனர். அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூலவாசகத்தோடு கலந்துவிட்டால் அதை "முத்ரஜ்" எனத் தனியே பெயரிட்டு இனங்காட்டினர். விளக்கம் சொல்வது குற்றமல்ல. விளக்கத்தை மூலமாகக் காட்டுவதே குற்றம்.

குறைவினாவின் சுமை யார் தலையில் விழும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு சாட்சி. 2018 மே 6இல் நடந்த இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வான 'நீட்'டின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் மொழிபெயர்ப்பில் பிழைத்தன என்று டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சரியான விடைக்கு 4 புள்ளி. தவறினால் 1 புள்ளி குறையும். ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது என்பது தேர்வு விதி. தமிழில் படித்த பிள்ளை ஆங்கிலத்தைப் பார்த்துத் தன் தமிழைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம்! சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10இல், தமிழில் எழுதிய அனைவருக்கும் 49 வினாக்களுக்கும் 196 புள்ளிகள் வழங்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

இரு தீர்ப்புகளிலும் நியாயத்தின் ஒரு பாதி உண்டு என்றே நான் கருதுகிறேன். எல்லோருக்கும் புள்ளி கொடுத்தால், தட்டுத்தடுமாறிப் பொருளறிந்து விடை கண்ட பிள்ளையும் கண்ணை மூடிக் கோடிட்ட பிள்ளையும் ஒன்றாகிவிடுகின்றனர். கொடுக்காவிட்டால், வினா தயாரித்தவரின் பிழைக்குப் பதினேழு வயதுப் பிள்ளை தண்டம் கட்டுகிறது. குறையோடு வெளியேறிய வினாவைப் பிறகு எந்த நீதிமன்றத்தாலும் முழுமையாக்க முடியாது.

ஆகவே நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான். பரீட்சை மண்டபத்தில் உங்களுக்கு ஐந்து கட்டங்களே உண்டு. "வினா குறையுடையது" என்று ஆறாவது கட்டம் இல்லை. நமது உயர்தரப் பரீட்சையில் பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை. எனவே பொருத்தமானதொன்றைத் தெரிந்து கடந்து செல்லுங்கள். ஆனால் வீட்டு மேசையில் அந்த ஆறாவது கட்டத்தை நீங்களே வரையுங்கள். என்ன விடுபட்டிருக்கிறது, அது தெரிந்தால் விடை எப்படி மாறும் என்று ஓரத்தில் எழுதுங்கள். நிரப்பினால், இது என் ஊகம் என்றும் குறியுங்கள்.

இமாம் மாலிக் அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32க்குத் தமக்குத் தெரியாது என்றே பதிலளித்தார்கள் என அறிவிக்கப்படுகிறது. அதனால் மக்கள் அவர்களிடம் கேட்பதை நிறுத்திவிடவில்லை.

நாளை இந்தப் பிள்ளைகளுள் ஒருவர் வைத்தியராகி ஏதோவொரு கிராமிய வைத்தியசாலையில் அமர்வார். அவர் முன் வரும் நோயாளி ஐந்து விடைகளோடு வரமாட்டார். பாதிக் கதையோடுதான் வருவார். அப்போது மருந்துச் சீட்டில் பேனை வைக்குமுன், "பிள்ளைட நிறை எவ்வளவு, உம்மா?" என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும்.