ஈகையும் இம்சையாகுமோ?



வாயில்லா உயிர்களுக்கு உணவளித்தல் அறம் என்பதில் நம்மவருள் ஐயம் கொள்வார் எவரும் இலர். எறும்புக்கு அரிசிமாவும், காக்கைக்குச் சோறும், பசுவுக்குக் கீரையும் இடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய நமக்கு, ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்த செயல் அறமா, இம்சையா என்ற வினா ஒருநாள் எழுந்தது. அது எழுந்த இடம் கோயிலன்று; பாடசாலையுமன்று. கடல் நடுவே, ஒரு சிறு துடுப்புப் படகு. அந்த வினாவுக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

செல்வது தகுமா?

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மகன் குடும்பத்தாருடன் தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவுக்குச் சென்றிருந்தோம். அத்தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ளது பாங்கா விரிகுடா. சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கும் இடம் அது. காலை முதல் மாலை வரை பெரிய படகில் தீவுகளிடையே சென்று, ஆங்காங்கே கயாக் எனப்படும் துடுப்புப் படகில் இறங்கிக் குகைகளுள் நுழைந்து பார்ப்பதற்கு ஏற்பாடு செய்திருந்தனர். பத்து வயதுப் பேரனின் ஆவலே இதற்குக் காரணம்.

புறப்படும் முன்னரே ஓர் ஐயம் நம்மை உறுத்தியது. சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் திக்விரதம் ஒன்று. இன்ன திசையில் இன்ன எல்லையைக் கடந்து செல்லேன் என வரையறுத்துக் கொள்வது அது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்கட்கு நம்மால் தீங்கு நேராது என்பது அதன் பயன். மற்றொன்று அநர்த்ததண்ட விரதம். அதாவது, பயனில்லாத் தீங்கைத் தவிர்த்தல். சமந்தபத்திர ஆச்சாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நிலத்தை வீணே அகழ்தல், நீரை வீணே கலக்குதல் முதலியவற்றோடு, வீணே திரிவதையும் பிறரைத் திரியச் செய்வதையும் இவ்விரதத்துக்கு மாறானவை எனச் சேர்த்துள்ளார். உல்லாசப் பயணம் என்று இன்று வழங்கப்படுவது இதனுள் அடங்காதா?

நம் தமிழ் முன்னோர் அக்கரைக்குச் செல்லாதவர் அல்லர். பாங்கா மாகாணத்தின் தக்குவாபா என்னும் பகுதியில், 9ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அது அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவையும் குறிப்பிடுகிறது. அவர்கள் தொழிலின் பொருட்டுக் கடல் கடந்தனர். சென்ற இடத்தில் ஒரு குளத்தின் பெயரை விட்டு வந்தனர். நாமோ கண்டு களிக்கச் செல்கிறோம். நாம் விட்டு வருவது என்ன? இந்த வினாவைச் சுமந்தவாறே படகில் ஏறினோம்.

உயிர்களால் ஆன மலை

பாங்கா விரிகுடா 1981இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுமார் 400 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் அதனுள் அடங்கும். சில தீவுகளில் மணற்கரையே இல்லை. நீரிலிருந்து நேரே சுவர்போல் எழும் பாறை. அதன் வெடிப்புகளில் வேர் ஊன்றிய மரங்கள். அடியில் அலை அரித்த பள்ளம். இவ்வளவே அவற்றின் தோற்றம்.

இப்பாறைகள் ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகட்கு முன் ஆழமில்லாக் கடலடியில் உருவானவை. பவளங்கள், சிப்பிகள், கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்கள் ஆகியவற்றின் ஓடுகளே படிந்து இறுகிப் பாறையாயின என்பது அறிவியலார் முடிபு. பின்னர் நிலம் உயர்ந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மென்மையான அமிலமாகிப் பாறையைக் கரைத்தது. குகைகள் தோன்றின. இறுதியாக வந்த பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகளில் நீர் புகுந்தது, குன்றுகள் தீவுகளாயின.

இதனைக் கேட்டபோது நாம் சற்று நேரம் வாய் பேசாது இருந்தோம். நிலத்தையும் நீரையும் ஓரறிவுயிர்களாகக் கொள்வது நம் சமயம். மலை என்பது மாண்ட உயிர்களின் ஓடுகளின் குவியல் என்பது அறிவியல். இவை இரண்டும் ஒன்றல்ல; ஒன்றென்று சொல்லி மகிழ்வதும் முறையன்று. ஆயினும், வெறுங்கல் என்று காலால் எற்றத்தக்கது எதுவும் இல்லை என்னும் ஒரே ஒழுக்கத்துக்கு இரண்டும் நம்மை அழைத்துச் செல்கின்றன.

அங்கே தாப்பு என்னும் பாறை நீரில் அறைந்த ஆணி போல நிற்கிறது. அதன் உயரம் சுமார் 20 மீட்டர். மேற்புறம் அகன்றும் அடிப்புறம் குறுகியும் இருக்கும். 1974இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் இடம்பெற்றதால் உலகப் புகழ் பெற்றது. காண வந்த படகுகளால் அடிப்பகுதி மேலும் அரிபட்டு அது சாய்ந்துவிடக்கூடும் என்ற அச்சத்தால், 1998 முதல் படகுகள் அதனை நெருங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. பார்க்க வந்தவர்களாலேயே பார்க்கும் பொருள் அழிய இருந்தது. யாரும் அதனை வெறுத்து இடிக்கவில்லை. எல்லாரும் விரும்பியே அருகில் சென்றனர். விருப்பமும் தீங்கு செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஓதம் கற்பித்த பாடம்

நண்பகலுக்கு முன் கயாக்கில் இறங்கினோம். ஒவ்வொன்றிலும் துடுப்பு வலிக்கும் இளைஞர் ஒருவர் பின்னே அமர்ந்தார். நம் முதுமையைக் கண்டு, நம்மையும் பேரனையும் ஒரே படகில் அமர்த்தினர். புறப்படுமுன் அந்த இளைஞர் மூன்று விதிகளைச் சொன்னார். பாறையைத் தொடலாகாது, உரத்துப் பேசலாகாது, விலங்குகட்கு உணவு கொடுக்கலாகாது.

அத்தீவுகள் சிலவற்றின் உள்ளே, கூரை இடிந்த குகைகள் வானம் பார்த்த முற்றங்களாக உள்ளன. தாய் மொழியில் அவற்றை ‘ஹொங்’ என்பர். அறை என்பது பொருள். நாற்புறமும் பாறைச் சுவர், உள்ளே கடல்நீர், வழி ஒரு தாழ்ந்த சுரங்கம் மட்டுமே. ஓதம் மிக ஏறினால் சுரங்கம் நீரில் மூழ்கிவிடும். மிக வற்றினால் படகு தரைதட்டும். இடைப்பட்ட சிறிது நேரத்தில்தான் உள்ளே செல்லவும் மீளவும் இயலும். பணம் கொடுத்தவர் என்றோ, தொலைவிலிருந்து வந்தவர் என்றோ ஓதம் இரங்குவதில்லை. வாயிலில் காத்திருந்தோம்.

பின்னர் மல்லாந்து படுத்த நிலையில் உள்ளே சென்றோம். முகத்துக்கு ஒரு சாண் மேலே பாறை. அதில் நெருக்கமாக ஒட்டியிருந்தவை உயிருள்ள சிப்பிகள். அவற்றின் விளிம்பு கத்திபோல் கூரியது. கையை நீட்டினால் நமக்குக் காயம். துடுப்பு தட்டினால் அவற்றுக்குச் சேதம். நடக்கும்போது நான்கு முழத் தொலைவை நோக்கி உயிர்களுக்கு ஊறின்றி அடிவைக்கும் நம் முனிவர்களின் ஈர்யா சமிதி நினைவுக்கு வந்தது. இந்த இளைஞர் அப்பெயரை அறியார். ஆயினும் தம் தொழிலில் அதனைக் கடைப்பிடித்தார். சுரங்கம் முடிந்ததும் ஒளி. சுரபுன்னை மரங்கள், அவற்றின் வேர்களிடையே சேற்றில் தாவும் சிறு மீன்கள், நீர் சொட்டும் ஓசை. அதுவரை ஓயாது பேசிய பேரனும் தானாகவே குரலைத் தாழ்த்தினான்.

ஒரு பழத்தால் விளைந்தது

சுவரோரத் திட்டில் நீள்வால் குரங்குகள் சில இருந்தன. நம் உணவு முறைக்குப் படகில் தரும் உணவு ஒவ்வாது என்பதால் அவலும் வாழைப்பழமும் கையோடு கொண்டு சென்றிருந்தோம். குட்டியை மார்பில் சுமந்த ஒரு தாய்க்குரங்கு நம்மையே நோக்கியது. ஒரு பழத்தை எடுத்து நீட்டினோம்.

மூன்றாம் விதி நினைவில் இல்லாமல் இல்லை. வேடிக்கைக்குத் தீனி வீசுவோர்க்குச் சொன்ன விதி அது. நாம் கருணையால் அல்லவா கொடுக்கிறோம் என்று எண்ணினோம். இளைஞர் தடுக்கக் கை உயர்த்துமுன் பழம் கைமாறிவிட்டது.

மறுகணம் மேலிருந்து பெரிய ஆண்குரங்கு ஒன்று பாய்ந்தது. தாயின் தோளைக் கடித்துப் பழத்தைப் பறித்தது. தாய் அலறியது, குட்டி பிடி தவறி நீர் விளிம்பில் விழுந்து, தட்டுத்தடுமாறி மீண்டும் ஏறிக்கொண்டது. தாயின் தோள் மயிரில் குருதி பரவியது. இளைஞர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. படகை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார். சற்றுப் பொறுத்து, “நாளையும் அது படகைத் தேடி வரும், அம்மா” என்று மட்டும் ஆங்கிலத்தில் கூறினார். கடிந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: “பாட்டி, இந்தக் குரங்குகள் நண்டும் சிப்பியும் தின்னும் என்றாரே. நாம் பழம் கொடுத்தால் அவை அந்த உயிர்களைக் கொல்லமாட்டா. அப்படியானால் நாம் செய்தது நல்லதுதானே?”

நம் தவற்றுக்குக் குழந்தை தேடித் தந்த நியாயம் அது. எளிதில் தள்ளத்தக்கதுமன்று. எனினும் எண்ணிப் பார்ப்போம். ஒருநாள் பழத்தால் எந்தச் சிப்பியும் பிழைத்துவிடவில்லை. தாய்லாந்தின் அந்தமான் கடலோரத் தீவுகளில் இவ்வினக் குரங்குகள் கல்லைக் கருவியாகக் கொண்டு சிப்பியை உடைப்பதை 2007இல் வெளிவந்த ஆய்வு எடுத்துரைத்தது. மூத்தவற்றைப் பார்த்துப் பார்த்துக் குட்டிகள் நெடுங்காலம் பழகிப் பெறும் திறமை அது. மனிதர் வீசும் தீனியை எதிர்பார்த்து வாழும் கூட்டத்தில் அத்திறமை மங்கும்; கூட்டம் ஓரிடத்தில் நெருங்கும்; சண்டை மிகும்; இறுதியில் மனிதரையும் கடிக்கும். அப்போது அவற்றைப் பிடிக்கவும் அகற்றவும் ஆள் வருவர். காட்டுயிரின் உணவைத் திருத்தும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. நம் கையைத் திருத்தும் பொறுப்பே நம்முடையது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற மாணவியர்க்கு நாம் பல்லாண்டுகள் கூறிய ஓர் அறிவுரை உண்டு. திணறும் குழந்தையைக் கண்டு மனமிரங்கி விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த இரக்கம் உங்களுக்கு இன்பம், குழந்தைக்கு இழப்பு என்போம். பிறர்க்குச் சொன்ன பாடத்தை எழுபது வயதுக்குமேல் ஒரு குரங்கின் முன் நாமே மறந்தோம்.

ஆகாரமும் அபயமும்

அன்று கதிர் மறையுமுன் உணவு முடித்துச் சாமாயிகத்தில் அமர்ந்தபோது, அந்தக் குருதியே கண்முன் நின்றது. உமாஸ்வாமி ஆச்சாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துப் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராக வைக்கிறார். தீங்கு செய்யும் நோக்கம் நமக்கு இல்லை, அது உண்மை. ஆனால் விழிப்பு இருந்ததா? விதியைக் கேட்டும், அது நமக்கன்று என ஒதுக்கியது எது? நாம் அஹிம்சையர் என்னும் பெருமிதமே. கருணை என்று எண்ணியதில் மான கஷாயம் கலந்திருந்தது. மும்மணிகளை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என வரிசைப்படுத்திய முறையும் அன்றுதான் நெஞ்சில் தைத்தது. அறிவைக் கடந்து முந்திச் செல்லும் இரக்கம் ஒழுக்கமாகக் கனிவதில்லை.

தானம் நான்கு என்பர்: ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். வீட்டு வாயிலில் பசித்து நிற்கும் உயிர்க்கு ஆகாரம் தருவது நம் கடமை. தன் காட்டில் தன் முயற்சியால் வாழும் உயிர்க்கு நாம் தரத்தக்கது அபயம் ஒன்றே. அந்தக் குரங்குகள் மனிதரைக் கண்டு அஞ்சவில்லையே, அது அபயம் அன்றோ எனலாம். அன்று. அச்சம் நீங்குதல் வேறு. அபயம் பெறுதல் வேறு. நம்மைக் கண்டு அஞ்சாதவாறு பழக்குவது எளிது. நம்மால் அஞ்சத்தக்கது எதுவும் நேராதவாறு நடப்பதே அரிது. முன்னது தூண்டிலும் செய்யும். பின்னது விரதம் மட்டுமே செய்யும்.

இத்தகைய அபயத்தை ஒரு நாடே அளிக்க இயலும் என்பதற்கும் அக்கடலிலேயே சான்று உண்டு. பீபீ லே என்னும் தீவின் மாயா கடற்கரைக்கு ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 5000 பேர் வரை வந்தனர். நங்கூரங்களாலும் நெரிசலாலும் பவளங்கள் சிதைந்தன. 2018 ஜூன் திங்களில் அரசு அதனை மூடியது. 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது படகுகள் முகப்பில் நுழையத் தடை, வருவோர் தொகைக்கு வரம்பு எனப் பல கட்டுப்பாடுகளை விதித்தது. மூடியிருந்த காலத்தில் பவளம் நடப்பட்டது. கருமுனைச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பி வந்தன. வருவாயை இழந்து ஓர் அரசு எல்லை வகுத்துக்கொண்டது. அதனைத் திக்விரதம் என அவர்கள் அழைக்கவில்லை; அதன் பயனை மட்டும் பெற்றனர்.

ஆகவே, பயணமே கூடாது என்று நாம் சொல்லத் துணியவில்லை. எண்ணெய் எரித்த படகில் சென்றுவந்த பின் அவ்வாறு சொல்வது பொருந்தவும் பொருந்தாது. செல்வோர் எல்லை வகுத்துச் செல்லட்டும்; காத்திருக்கக் கற்கட்டும்; கையை உள்ளே வைத்திருக்கட்டும். நம் இளைய தலைமுறையினர் இன்று பல நாடுகளுக்கும் செல்கின்றனர். வழித்துணையாக உணவுப் பொட்டலத்தோடு இவ்விரதங்களையும் எடுத்துச் செல்லுமாறு பெரியோர் நாம் கூறுவோமாக.

முன்னோர் அக்கரையில் ஒரு குளத்தின் பெயரை விட்டு வந்தனர். நாம் விட்டு வந்தது ஒரு தாயின் தோளில் ஒரு புண். அது இந்நேரம் ஆறியிருக்கும். நம் நெஞ்சில் அது ஆறாதிருப்பதே நலம் எனக் கருதுகிறோம்.

எல்லா உயிரும் அபயம் பெறுக! அறம் வளர்க!